திரைப்பிடிப்பு

திரைப்பிடிப்பு என்பது கணினித் திரையில் ஒரு குறிப்பிட்ட நொடியில் தோன்றும் காட்சியைப் படக் கோப்பாகச் சேமித்தல் ஆகும். அவ்வாறு சேமிக்கப்பட்ட படமும் இப்பெயராலேயே அழைக்கப்படுகிறது. மென்பொருள் கையேடுகள், பிழை அறிக்கைகள், பாட நூல்கள், நீதிமன்ற ஆவணங்கள், தொழிற்சாலைப் பதிவேடுகள் எனப் பல இடங்களில் இது பயன்படுகிறது. திரைப்பிடிப்பு திரையின் தோற்றத்தை மட்டுமே காக்கிறது; அத்தோற்றத்திற்குப் பின்னால் உள்ள எழுத்துகளையோ எண்களையோ தரவுகளையோ காப்பதில்லை. இதன் பயன்களும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரு பண்பிலிருந்தே பிறக்கின்றன.

பெயர்

பேச்சு வழக்கில் ஸ்கிரீன்ஷாட் என்னும் சொல்லே பரவலாக உள்ளது. தமிழில் திரைப்பிடிப்பு, திரைக்காட்சி, திரைப்பிடி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. திரையில் எடுத்த படம் என்ற பொருளில் "திரைப்படம்" என்று சொல்ல வழியில்லை. அச்சொல்லைத் திரைத்துறை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

செயற்படும் முறை

கணினித் திரையில் தெரியும் ஒவ்வொரு காட்சியும் பிக்சல் எனப்படும் சிறு படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய சிவப்பு, பச்சை, நீல அளவுகள் நினைவகத்தின் ஒரு பகுதியில் எண்களாக இருக்கின்றன. வரைகலை அட்டை இவ்வெண்களை நொடிக்குப் பலமுறை படித்துத் திரைக்கு அனுப்புகிறது. திரைப்பிடிப்பு எடுக்கும்போது இயங்குதளம் இதே எண்களை வேறோர் இடத்திற்குப் படியெடுக்கிறது. புகைப்படக் கருவியோ ஒளியோ இதில் பங்கு பெறுவதில்லை. எனவேதான் திரை மங்கலாக இருந்தாலும், அதில் தூசி படிந்திருந்தாலும், படம் தெளிவாகவே அமைகிறது. திரையின் கண்ணாடியிலோ வண்ண அமைப்பிலோ உள்ள கோளாறுகள் இப்படத்தில் பதிவாகா என்பதும் இதனால் விளங்கும். திரையில் ஒரு கோடு விழுந்திருப்பதைப் பழுதுபார்ப்பவருக்குக் காட்ட வேண்டுமானால் கைப்பேசியால்தான் படமெடுக்க வேண்டும்.

1024×768 படப்புள்ளிகள் கொண்ட திரையை, புள்ளி ஒன்றுக்கு 3 பைட்டு வீதம் சுருக்காமல் சேமித்தால் 23,59,296 பைட்டுகள், அதாவது 2.25 மெகாபைட்டு இடம் வேண்டும். 1920×1080 திரைக்கு 62,20,800 பைட்டுகள் ஆகும். இதனாலேயே படச் சுருக்க முறைகள் தேவைப்படுகின்றன.

வரலாறு

1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனி மேசைக் கணினியின் விசைப்பலகையில் ஷிப்ட் விசையுடன் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினால், திரையில் இருந்த எழுத்துகள் அச்சுப்பொறிக்குச் சென்றன. "திரையை அச்சிடு" என்னும் பொருள்படும் அப்பெயர் அன்று சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தது. வரைபடங்களையும் அச்சிடுவதற்கு டாஸ் இயங்குதளத்தில் தனி நிரல் ஒன்றை முன்னதாக ஏற்ற வேண்டியிருந்தது. விண்டோசு வந்தபின் அவ்விசை அச்சிடுவதை விட்டுவிட்டது. படத்தைக் கிளிப்போர்டு எனப்படும் தற்காலிக நினைவிடத்தில் வைப்பதே அதன் வேலையாயிற்று. பெயர் மட்டும் இன்றளவும் மாறவில்லை. 1984 இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினியோ திரையை நேரடியாக மேக்பெயின்ட் படக் கோப்பாகவே சேமித்தது.

அக்காலத்து கணினி இதழ்களுக்குத் திரையைப் புகைப்படம் எடுக்கும் வழக்கமும் இருந்தது. குழாய்த் திரை மேலிருந்து கீழாக வரிவரியாக ஒளிர்வதால், குறைந்த நேரத்தில் எடுத்த படத்தில் கரும்பட்டைகள் விழும். அதைத் தவிர்க்க இருட்டறையில் கருவியை நிலையாக நிறுத்தி, ஒளி புகும் நேரத்தைக் கூட்டி எடுத்தனர்.

எடுக்கும் வழிகள்

விண்டோசில் பிரிண்ட் ஸ்கிரீன் விசை முழுத் திரையையும், ஆல்ட் விசையுடன் சேர்த்து அழுத்தினால் முனைப்பாக உள்ள சாளரத்தை மட்டும் கிளிப்போர்டில் வைப்பது மரபான வழி. பின்னர் அதைப் பெயின்ட் போன்ற செயலியில் ஒட்டிச் சேமிக்க வேண்டும். புதியவர்கள் பலர் விசையை அழுத்தியபின் எதுவும் நிகழவில்லை என்று எண்ணுவதற்குக் காரணம், ஒட்டும் வரை படம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே. விண்டோசு 8 (2012) முதல் விண்டோசு விசையுடன் சேர்த்து அழுத்தினால் படம் தானே கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் ஸ்னிப்பிங் டூல், விண்டோசு விஸ்டா காலத்திலிருந்து பரவலாயிற்று. 2017 முதல் விண்டோசு 10 இல் விண்டோசு, ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியும் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோசு 11 இல் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை மட்டும் அழுத்தினாலே இக்கருவி திறக்குமாறு அமைக்கலாம். சில மடிக்கணினிகளில் எஃப்என் என்னும் விசையையும் உடன் அழுத்த வேண்டியிருக்கும்.

மேக் கணினியில் கமாண்ட், ஷிப்ட் ஆகியவற்றுடன் 3 ஐ அழுத்தினால் முழுத் திரையும், 4 ஐ அழுத்தினால் தேர்ந்தெடுத்த பகுதியும் மேசைத்தளத்தில் கோப்பாக வந்து சேரும். 2018 இன் மொஹாவி பதிப்பு முதல் 5 ஐ அழுத்தினால் எல்லா வசதிகளையும் கொண்ட சிறு பட்டை தோன்றும்.

லினக்சில் மேசைத்தளச் சூழலைப் பொறுத்துக் கருவி மாறும். கேடியீ சூழலில் நெடுநாள் இருந்த கேஸ்னாப்ஷாட்டின் இடத்திற்கு ஸ்பெக்டகிள் வந்தது. க்னோம் 42 (2022) தனது திரைப்பிடிப்பு வசதியைப் புதிதாக அமைத்தது. பழைய எக்ஸ் சாளர முறைமையில் எந்தச் செயலியும் பிற செயலிகளின் சாளரங்களைப் பயனர் அறியாமலே படமெடுக்க முடிந்தது. அதன் இடத்தைப் பிடித்துவரும் வேலண்ட் முறைமை இதைத் தடுக்கிறது. செயலி பயனரின் ஒப்புதலைக் கேட்ட பின்னரே திரையைப் பெற முடியும். பழைய கருவிகள் சில இதனால் செயலிழந்தன என்று குறைப்படுவோர் உண்டு. ஆயினும் கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் திரையில் தோன்றும் காலத்தில் இக்கட்டுப்பாடு தேவையானதே.

சில வேளைகளில் படத்தில் ஒரு பகுதி மட்டும் கறுப்பாக இருக்கும். விண்டோசு எக்ஸ்பி காலத்தில் நிகழ்படத்தை வரைகலை அட்டை தனி அடுக்காகத் திரையில் மேலிட்டதால் அப்பகுதி படியெடுக்கப்படவில்லை. இன்று கட்டணத் திரைப்படத் தளங்களில் இதே விளைவு, உரிமைப் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே உண்டாக்கப்படுகிறது.

கோப்பு வடிவமும் தமிழ் எழுத்தும்

திரைப்பிடிப்புக்குப் பி.என்.ஜி வடிவமே ஏற்றது. 1996 இல் வெளியிடப்பட்ட இவ்வடிவம் எந்தப் படப்புள்ளியையும் மாற்றாமல் சுருக்குகிறது. ஜேபெக் வடிவமோ புகைப்படங்களுக்கென உருவானது. அது படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களை விட்டுவிடுகிறது. வானம், முகம் போன்ற காட்சிகளில் இது தெரியாது. எழுத்தின் கூரான விளிம்புகளிலோ சுற்றிலும் அழுக்குப் படிந்தது போன்ற புள்ளிகள் தோன்றும்.

தமிழுக்கு இது வெறும் அழகுக் குறை அன்று. சிறிய அளவில் அமைந்த தமிழ் எழுத்தில் புள்ளி என்பது இரண்டு மூன்று படப்புள்ளிகள் மட்டுமே. மிகுதியாகச் சுருக்கிய படத்தில் அது கரைந்துவிட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். "பட்டு" என்பது "படடு" ஆவதைப் படிப்பவர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். ஆனால் "கல்", "கல" ஆகிய இரண்டும் தமிழில் சொற்களே. கி, கீ ஆகியவற்றின் சுழியிலும் இதே இடர் உண்டு. பி.என்.ஜி கோப்பாக எடுத்த படமும், செய்திச் செயலிகள் வழியாக அனுப்பப்படும்போது ஜேபெக்காக மாற்றிச் சுருக்கப்படக்கூடும். ஆவணம் என்னும் வகையில் இணைத்து அனுப்பினால் மூலக் கோப்பு மாறாமல் சென்று சேரும்.

தமிழ்க் கணிமையில் பயன்பாடு

தமிழ்க் கணிமையின் வளர்ச்சியில் திரைப்பிடிப்புக்குத் தனி இடம் உண்டு. 1990களிலும் 2000களிலும் தமிழ்த் தளங்கள் தகுதரம், 1999 இல் தமிழக அரசு ஏற்ற தாப், தாம், பின்னர் ஒருங்குறி எனப் பல குறியேற்றங்களில் எழுதப்பட்டன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இப்பக்கங்கள் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தெரிந்தன. ஒருங்குறித் தமிழும் விண்டோசு எக்ஸ்பியில் உடனே சரியாகத் தெரிந்துவிடவில்லை. வட்டார அமைப்புகளில் சிக்கல் வரிவடிவங்களுக்கான துணையைப் பயனர் தனியே நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாவிடில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றது. சில இடங்களில் புள்ளி வட்டம் ஒன்று தோன்றியது.

இத்தகைய கோளாற்றைச் சொற்களால் விளக்குவது கடினம். பயனர் தம் கணினியில் தவறாகத் தெரியும் சொல்லைப் படியெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால், அச்சொல் பெறுபவரின் கணினியில் சரியாகவே தெரியும். ஏனெனில் ஒட்டப்படுவது எழுத்துகளின் குறியெண்களே தவிர அவற்றின் தோற்றம் அன்று. தோற்றத்தைக் காட்டத் திரைப்பிடிப்பு ஒன்றே வழி. ஆயின் படத்தை மட்டும் அனுப்பினால், எந்தக் குறியெண்கள் தவறாக வரையப்பட்டன என்பதை நிரலாளர் அறிய முடியாது. ஆகவே எழுத்துக்கோவைச் சிக்கலுக்கான நல்ல பிழை அறிக்கையில் திரைப்பிடிப்பு, அதே சொல்லின் படியெடுக்கத்தக்க எழுத்துரை, எழுத்துருவின் பெயர், இயங்குதளத்தின் பதிப்பு ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும்.

இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. பாடக் குறிப்புகள், அரசாணைகள், செய்திகள் முதலியவை திரைப்பிடிப்புகளாகவே சுற்றுக்கு விடப்படும்போது அவற்றைத் தேடுபொறிகள் எழுத்தாகக் காண்பதில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைப் படிப்பான்களும் அவற்றைப் படிப்பதில்லை. டெசராக்ட் போன்ற எழுத்துணரிகள் தமிழைப் படிக்க வல்லவை எனினும், ன-ண, ர-ற, புள்ளி ஆகியவற்றில் பிழை நேரலாம். எழுத்தாக அனுப்பக் கூடியதைப் படமாக அனுப்பாதிருப்பதே நன்று.

தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளில்

திரைப்பிடிப்பு அலுவலகக் கணினிகளுக்கு மட்டும் உரியது அன்று. திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைக்கு அருகே உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இப்பகுதியில் இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் ஆலைகள் பல உள்ளன. அருகிலுள்ள தேர்வாய்க்கண்டிகைத் தொழிற்பேட்டையில் மிஷலின் டயர் ஆலை உள்ளது. இத்தகைய ஆலைகளில் வெப்பநிலை, அழுத்தம், மின்னோட்டம் முதலிய அளவுகளை பி.எல்.சி எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிகள் சேகரிக்க, ஸ்காடா வகை மென்பொருள் அவற்றைக் கணினித் திரையில் படமாகவும் வரைகோடாகவும் காட்டும்.

ஓர் இயந்திரம் திடீரென நின்றுவிட்டால் சில நொடிகளுக்குள் பத்து, இருபது எச்சரிக்கைகள் திரையில் அடுத்தடுத்து வரும். அவற்றுள் முதலில் வந்ததே பெரும்பாலும் காரணம். ஏனையவை அதன் விளைவுகள். இயக்குபவர் எச்சரிக்கைகளை ஏற்றுக்கொண்டு மீட்டமைத்தவுடன் அப்பட்டியல் திரையிலிருந்து நீங்கிவிடும். ஆகவே மீட்டமைக்கும் முன் எச்சரிக்கைப் பட்டியலையும் வரைகோட்டுத் திரையையும் பிடித்து வைப்பது அடுத்த பணிமுறைக்கு வருபவருக்கும், இயந்திரம் செய்த நிறுவனத்தின் பொறியாளருக்கும் பெரிதும் உதவும். இயந்திரத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவருவது முதல் வேலை. படம் அதன் பின்னரே.

இங்குத் திரைப்பிடிப்பின் எல்லையை அறிந்திருப்பது இன்றியமையாதது. வரைகோட்டின் படம் ஒரு போக்கைக் காட்டுமே அன்றி அளவுகளைத் தராது. செங்குத்து அச்சின் எல்லைகள் படத்தில் விழாவிட்டால் 5 பாகை ஏற்றமும் 50 பாகை ஏற்றமும் ஒன்றுபோலவே தோன்றும். உண்மை அளவுகள் மென்பொருளின் வரலாற்றுத் தரவுத்தளத்தில் உள்ளன. அவற்றை அட்டவணையாக எடுத்துப் படத்துடன் சேர்த்து வைக்க வேண்டும். கடிகாரமும் ஒரு சிக்கல். இணையத்துடன் இணைக்கப்படாத கட்டுப்பாட்டுக் கணினிகளின் நேரம் நாளடைவில் சில நிமிடங்கள் முன்பின்னாகிவிடும். இரு கணினிகளின் திரைப்பிடிப்புகளை ஒப்பிட்டு எது முதலில் நிகழ்ந்தது என்று முடிவுகட்டுவதற்கு முன், இரண்டின் கடிகாரங்களும் ஒத்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

இக்கணினிகளில் நச்சுநிரல் அச்சத்தால் யூ.எஸ்.பி துளைகள் அடைக்கப்பட்டிருப்பது வழக்கம். அதனால் படத்தை வெளியே எடுக்க முடியாமல் பலர் கைப்பேசியால் திரையைப் படமெடுக்கின்றனர். திரையின் புள்ளிகளும் கைப்பேசி உணரியின் புள்ளிகளும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு அலையலையான கோடுகளை உண்டாக்குவதால் சிறிய எண்களைப் படிப்பது கடினமாகும். கைப்பேசியைச் சற்று விலக்கியோ சாய்த்தோ பிடித்தால் கோடுகள் குறையும். ஆலை ஒன்றிலிருந்து படம் வெளியே செல்வதற்கு நிருவாகத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

மாறிக்கொண்டிருக்கும் அளவுகளைப் பதிதல்

ஆலைகளுக்கு வெளியே வாழ்வோருக்கும் திரைப்பிடிப்பு பயன்படும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் காற்றுத் தர அளவீட்டு நிலையம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. இதன் அளவுகள் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தளத்தில் வெளியாகின்றன. 2015 இல் நடைமுறைக்கு வந்த தேசியக் காற்றுத் தரச் சுட்டெண் எட்டு மாசுகளைக் கணக்கில் கொண்டு, நிலைமையை ஆறு வகைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. பக்கத்தில் தெரியும் எண் மணிக்கு மணி மாறும். புகை சூழ்ந்த இரவொன்றில் எண் என்னவாக இருந்தது என்று காட்ட விரும்பும் ஊரார் அதைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைக்கலாம்.

அவ்வாறு எடுக்கும்போது எண்ணை மட்டும் வெட்டியெடுத்தல் தவறு. நிலையத்தின் பெயர், பக்கத்தில் உள்ள நாளும் மணியும், உலாவியின் முகவரிப் பட்டை, கணினியின் கடிகாரம் ஆகிய அனைத்தும் தெரிய வேண்டும். பக்கம் காட்டும் மணியும் கணினியின் மணியும் வேறுபடலாம். முன்னதே அளவுக்குரிய நேரம். மேலும், நுண்துகள்களுக்கான சுட்டெண் 24 மணி நேரச் சராசரியிலிருந்து கணக்கிடப்படுவது. அந்த ஒரு மணி நேரத்தின் புகையை அது முழுதாகக் காட்டாது. கடந்த நாட்களின் மணிவாரி அளவுகளை அதே தளத்திலிருந்து அட்டவணையாகப் பதிவிறக்க முடியும். முறையீட்டுடன் இவ்வட்டவணையையும் இணைத்தால், படத்தைத் தனியே காட்டுவதைவிட வலுவாக இருக்கும்.

சான்றாகத் திரைப்பிடிப்பு

உலாவியில் உள்ள நிரலாளர் கருவிகளைக் கொண்டு எந்த இணையப் பக்கத்தின் எழுத்தையும் எண்ணையும் தம் திரையில் மட்டும் மாற்றிவிட்டுப் படமெடுக்க ஒரு நிமிடமே போதும். அப்படத்தில் ஒட்டு வேலையின் சுவடு எதுவும் இராது. ஏனெனில் திரையில் உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது. யு.பி.ஐ வழியாகப் பணம் செலுத்தியதாகப் போலித் திரைப்பிடிப்பைக் காட்டிக் கடைக்காரர்களை ஏமாற்றும் மோசடிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. பணம் வந்ததா என்பதை வாடிக்கையாளரின் திரையில் அன்றித் தம் கணக்கிலோ அறிவிப்பு ஒலிப்பெட்டியிலோ உறுதிசெய்ய வேண்டும்.

எனினும் திரையில் தோன்றியதைச் சான்றாக்க முடியாது என்பதில்லை. பெண் ஒருவரைப் பற்றி யாகூ குழுவொன்றில் இழிவான செய்திகள் இடப்பட்ட வழக்கில், சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில் தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67 ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனையாக இவ்வழக்கு குறிப்பிடப்படுகிறது. அக்குழுவின் பக்கங்கள் அச்சிடப்பட்டு, இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றிதழுடன் முன்வைக்கப்பட்டன.

அச்சான்றிதழ் கட்டாயமா என்பதில் நெடுநாள் குழப்பம் நிலவியது. 2014 இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயம் என்றது. இடையில் வந்த மாறுபட்ட தீர்ப்புக்குப்பின், 2020 இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதையே உறுதிசெய்தது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் முன்வைத்தால் மட்டும் சான்றிதழ் வேண்டியதில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63 ஆம் பிரிவு இதன் இடத்தைப் பெற்றுள்ளது. அதன்படி சான்றிதழ் இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்றை ஆவணத்தை முன்வைப்பவரும் மற்றதை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். இது கோப்பின் எல்லாப் பைட்டுகளிலிருந்தும் கணக்கிடப்படும் ஒரு நீண்ட எண். ஒரு படப்புள்ளி மாறினாலும் இவ்வெண் மாறிவிடும். திரைப்பிடிப்பை வெட்டி, வட்டமிட்டு, மீண்டும் அதே பெயரில் சேமித்தால் மூலக் கோப்பு இழக்கப்படுகிறது. ஆகவே மூலத்தைத் தொடாமல் வைத்து, படியில் மட்டும் குறியிடுதல் முறை.

மறைத்தலும் தனியுரிமையும்

திரைப்பிடிப்பைப் பகிருமுன் ஆதார் எண், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி, பணிப்பட்டையில் தோன்றும் அறிவிப்புகள் ஆகியவற்றை நீக்க வேண்டும். மங்கலாக்குதல் போதிய பாதுகாப்பு ஆகாது. எழுத்துரு தெரிந்தால், மங்கிய கட்டங்களிலிருந்து எண்களை மீட்கும் வழிகள் உள்ளன. முழுமையாக நிரப்பிய கறுப்புக் கட்டமே நம்பத்தக்கது. அதையும் தனி அடுக்காக விட்டுவிடாமல் படத்துடன் ஒன்றாக்கிச் சேமிக்க வேண்டும்.

வெட்டிய படமும் முழுப் பாதுகாப்பு உடையதன்று என்பது 2023 இல் தெரியவந்தது. கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் படத் திருத்தியும், விண்டோசு 11 இன் ஸ்னிப்பிங் டூலும், வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியபோது, மிஞ்சிய பழைய பைட்டுகளை நீக்காமல் விட்டிருந்தன. வெட்டப்பட்ட பகுதியின் ஒரு பங்கை அவற்றிலிருந்து மீட்க முடிந்தது. இரு நிறுவனங்களும் இதைத் திருத்திவிட்டன. ஆனால் அதற்கு முன் பகிரப்பட்ட கோப்புகள் அப்படியே உள்ளன.

2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ரீகால் என்னும் வசதி, திரையைச் சிறு இடைவெளிகளில் தானே படமெடுத்து வைத்து, பின்னர் தேடித்தருவது. எழுந்த எதிர்ப்பினால் அது தள்ளிவைக்கப்பட்டு, பயனர் விரும்பி இயக்கினால் மட்டும் செயற்படுவதாக மாற்றப்பட்டு, 2025 ஏப்ரலில் கோபைலட் பிளசு வகைக் கணினிகளுக்கு வெளியிடப்பட்டது.

பதிப்புரிமை

திரைப்பிடிப்பை எடுத்தவர் அதில் தெரியும் அனைத்துக்கும் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. மென்பொருளின் இடைமுகம், சின்னங்கள், பக்கத்தில் உள்ள எழுத்து, ஒளிப்படம் ஆகியவற்றுக்கு அவற்றை ஆக்கியவர்களின் உரிமை தொடர்கிறது. விக்கிமீடியா பொதுவகம் கட்டற்ற உரிமம் கொண்ட மென்பொருள்களின் திரைப்பிடிப்புகளை ஏற்கும். விண்டோசு போன்ற தனியுரிம மென்பொருள்களின் படங்களை ஏற்காது. கட்டற்ற மென்பொருளின் சாளரத்தை எடுக்கும்போதும் அதனுள் திறந்திருக்கும் ஒளிப்படமும் பின்னணியில் உள்ள மேசைத்தளப் படமும் கட்டற்றவையா என்று பார்க்க வேண்டும். முனைப்பான சாளரத்தை மட்டும் எடுப்பதும், சாளரத்தினுள் தாமே உருவாக்கிய கோப்பைத் திறந்து வைப்பதும் இச்சிக்கலைத் தவிர்க்கும் எளிய வழிகளாகும்.